நாத்தனார் தலையில் இருக்கிற கயிற்றுத் தடம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து அழகாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு கை ஓடியதெல்லாம் தேயிலைக் கொழுந்து மலையில்தான், பேனாவில் இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து வேறு பக்கம் போய்விடுவேன். மறதியும் இருக்கிறது. நேற்று அடுப்பில் வைத்த தேத்தண்ணியையே மறந்து சட்டியைக் கருக்கிவிட்டேன். ஆனால் இந்த விஷயத்தை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

எங்கள் படக் குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகமாகப் போடப் போகிறார்களாம். குழுவில் நாம் போடுகிற படத்தில் மற்றவர்கள் கை வைத்துத் திருத்திக் காட்டலாமா, கூடாதா, அவரவர் நினைப்பை எழுதுங்கள் என்றார்கள். நிறையப் பேர் திருத்தலாம் என்றுதான் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். நான் கூடாது என்று எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதம் என்னை உற்றுப் பார்க்காது. அதனால் எழுதுகிறேன்.

போன் என் மகளுடையது. அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். புதுப் போன் எடுத்ததும் பழையதை எனக்குக் கொடுத்தாள். பின்பக்கம் படம் எடுக்கிற கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. "பரவாயில்லம்மா, பேச நல்லா கேக்கும்" என்றாள். எனக்குப் பேசவா ஆசை? வயதாகி வேலையிலிருந்து நின்றுவிட்டேன், வீட்டில் ஒற்றை ஆள். படம் எடுக்க ஆரம்பித்தேன். மழையில் நனைந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரை. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் வரிசை வைத்த கேன்கள். கவ்வாத்து வெட்டிய மலை, இலை ஒன்றுகூட இல்லாமல் குச்சி குச்சியாக நிற்பது. பிறகு ஆட்கள். ஆளை நேருக்கு நேர் பார்க்கவே கூச்சப்படுகிறவள் நான். கங்காணி பேர் கூப்பிட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். போனைத் தூக்கிப் பிடித்தால் மட்டும் யாரையும் பார்க்க முடிந்தது.

ஒரு தீபாவளிக்கு மகள் வந்திருந்தபோது, என்னைத் தலவாக்கலைக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டூடியோவில் சில படங்களை அடித்துத் தரச் சொன்னாள். ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒரு முஸ்லிம் ஆள். அண்ணன் என்கிற மாதிரி, நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் எடுத்தது?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். மகள்தான், "எங்கம்மா" என்றாள்.

"அம்மாவா? அம்மாவுக்குக் கண்ணு இருக்கு" என்றார். அன்றைக்கே என்னை வாட்ஸ்அப்பில் இருக்கிற இந்தப் படக் குழுவில் சேர்த்துவிட்டார். லிந்துலை, தலவாக்கலை, பூண்டுலோயாப் பக்கத்தில் படம் எடுக்கிற ஆட்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். நல்ல மனுஷன். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் எழுதுவதைப் பார்த்து யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் படம் போடுவார். மற்றவர் அதை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, ஓரத்தை வெட்டி, நிறத்தை மாற்றிக் கீழே போடுவார். 'இப்படிச் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்' என்று எழுதுவார். கேட்டுச் செய்வது என்பது இல்லை. குழுவில் போட்டால் அது எல்லோருக்கும் படம். என் போன் கண்ணாடியில் கீறல் இருந்ததால் என் படங்களில் ஒரு மங்கலான கோடு விழும். நானா அதை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டுத் திருப்பிப் போடுவார். அதற்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் மழைக் காலத்துப் படம் ஒன்று போட்டேன். காலையில் பெரட்டில் பேர் பதிந்துவிட்டுப் பொம்பளைகள் மலை ஏறுகிறார்கள். எல்லோரும் பொலித்தீன் போர்த்தியிருக்கிறார்கள். வானம் சாம்பல் நிறம். கொஞ்ச நேரத்தில் யாரோ அந்த வானத்தை எடுத்துவிட்டு நீல வானத்தை வைத்துப் போட்டார்கள். பஞ்சு மாதிரி இரண்டு மேகம் வேறு. கீழே கை தட்டுகிற படங்கள் வரிசையாக விழுந்தன.

அதை என் நாத்தனாரிடம் காட்டினேன். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். அதே லயத்தில் நாலு காம்பரா, நாலு வீடு, தள்ளி இருக்கிறாள். அவளும் நானும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். நான் நின்ற பிறகும் அவள் நாலைந்து வருஷம் போனாள்.

போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "இது எந்தத் தோட்டம் மதினி?"

"நம்ம தோட்டந்தான்."

"போங்க மதினி. நீல வானத்துக்குக் கீழ பொலித்தீன் போத்திக்கிட்டு போறாளுக. பைத்தியக்காரிங்க தோட்டம் போல. அங்க ஆள் எடுக்குறாங்களான்னு கேளுங்க, நானும் வாரேன்."

சிரித்தோம். ஆனால் எனக்கு முழுதாகச் சிரிக்க வரவில்லை. அன்றைக்கு விழுந்த மழையில் நான் நனைந்துகொண்டே எடுத்த படம் அது. குழுவில் ஒன்றும் எழுதவில்லை. கட்டை விரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு இருந்தேன். அப்படித்தான் நான் எப்போதும்.

எப்போதும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் வீட்டுச் சுவரில் ஒரு மனுஷன் தொங்குகிறார். டை கட்டிய மனுஷன். அவரைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். படம் என்று இருந்தது அடையாள அட்டையில் உள்ளது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு அப்படித்தான். உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுக்க மாட்டார்கள். செத்த பிறகு அடையாள அட்டையைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, சட்டகம் போட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு வைப்பார்கள். அப்போது வேறொரு ஸ்டூடியோ இருந்தது, இப்போது இல்லை. உறவுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தார்கள். பார்த்தால் தலை மட்டும் அவருடையது. கழுத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. தலையிலும் கை வைத்திருந்தார்கள். இடது புருவத்துக்கு மேலே அவருக்கு ஒரு தழும்பு. கவ்வாத்து வெட்டும்போது கத்தி தெறித்துப் பட்டது. அதைக் காணவில்லை. "சுத்தம் பண்ணிக் குடுத்திருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். "தொரை மாதிரி இருக்காரு" என்று இன்னொருவர் சொன்னார்.

அவருக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது அந்தத் தழும்புதான். முகம் மாறுவதற்கு முன்னால் அது மாறும். அதைப் பார்த்துத்தான் நான் பேச்சை நிறுத்துவேன். அதைப் பார்த்துத்தான், கோபம் இறங்கிவிட்டது, இனிச் சோறு போடலாம் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் அந்தத் தழும்போடுதான் குடித்தனம் பண்ணினேன். அது இல்லாத மனுஷனுக்கு மாலை போட்டேன், விளக்கு வைத்தேன், படையல் போட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் சில நேரம் கும்பிடும்போது 'நீங்க யாருங்க' என்று கேட்கத் தோன்றும். அன்றைக்கு வாய் திறந்து, இந்தப் படம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அது என் தப்பு.

இப்போது நாத்தனார் படத்துக்கு வருகிறேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. பீலியில் குளித்துவிட்டு அவள் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் வெயில் படுகிற ஓரத்தில் உட்கார்ந்து தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். முடியை முன்பக்கம் தள்ளிப் போட்டுத் தண்ணீரைப் பிழிந்தாள். அப்போது உச்சந்தலை தெரிந்தது. நெற்றிக்கு மேலே நாலு விரல் தள்ளி, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரைக்கும் ஒரு தடம். கூடைக் கயிறு பதிந்த தடம். கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவோம். துணியை மடித்து வைத்தாலும் அழுத்தத்தான் செய்யும். பதினாறு வயதிலிருந்து அழுத்தினால் அங்கே முடி வராது. பள்ளம் விழுந்துவிடும். எனக்கும் இருக்கிறது. அவளுக்கு இன்னும் ஆழம், விரலை வைத்தால் விரல் உட்காரும். வெயில் அந்தத் தடத்தில் விழுந்து மினுமினுத்தது. முடிக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி இருந்தது. பக்கவாட்டில் பாதி முகமும் தெரிந்தது. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன்.

"என்னா மதினி, மண்டையப் போயி எடுக்குறீங்க? மூஞ்சி இங்கல்ல கெடக்கு."

"மூஞ்சியும் விழுந்துருச்சு புள்ள."

"ரெண்டு நாளு முன்ன சொல்லியிருந்தா பவுடர் போட்டுருப்பேன்."

அன்று பின்னேரம் குழுவில் போட்டேன். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எனக்கே தெரிந்தது. முதல்முறையாகக் கைகள் தட்டுவதை எதிர்பார்த்துப் போனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

நானா அதைத் திருத்திப் போட்டிருந்தார். 'அம்மா, அருமையான படம். சின்னக் குறை ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன். கண்காட்சிக்கு இதையே பெரிதாகப் போடுவோம்' என்று எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறு தலவாக்கலையில் ஒரு மண்டபத்தில் குழுவின் படங்களை மாட்டப் போவதாகப் பேச்சு இருந்தது. என் படம் ஒன்று வரும், கீழே என் பேர் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

திருத்திய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் தடம் இல்லை. அந்த இடம் முழுக்கக் கரு கருவென்று முடி. அவள் முகம் இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. பின்னால் இருந்த எங்கள் லயத்துச் சுவர் கரைந்து புகை மாதிரி ஆகியிருந்தது. எண்ணெய் விளம்பரத்தில் வருகிற பொம்பளை யாரோ எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். டை கட்டிய மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு டைப் பண்ணத் தெரியாது. வாய்ஸ் போடத்தான் தெரியும். நாலு முறை பேசி நாலு முறை அழித்தேன். ஒன்றில் அழுகை வந்துவிட்டது. ஒன்றில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஐந்தாவது முறை, "நானா, அந்தப் படம் வேணாம். நான் எடுத்தத அப்புடியே போடுங்க. இல்லன்னா எம்பேரப் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

வந்து பார்த்தால் சிரிக்கிற படங்கள் விழுந்திருந்தன. 'அம்மாவுக்குக் கோபம்' என்று ஒருவர். 'மற்றவர் யோசனையை ஏற்றுக்கொண்டால்தானே அம்மா வளர முடியும்' என்று இன்னொருவர். இந்த வயதில் நான் இன்னும் எவ்வளவு வளர வேண்டுமாம்? அதை எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

நானா மட்டும் சிரிக்கவில்லை. தனியாக வாய்ஸ் போட்டார். "அம்மா, நேர்ல வாங்க. ரெண்டையும் பெருசா அடிச்சு வைக்கிறேன். பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

நாத்தனார் என் பக்கம் நிற்பாள் என்று நம்பி, இரண்டு படங்களையும் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். திருத்திய படத்தில் நின்றுவிட்டாள்.

"இதான் நல்லாருக்கு."

"என்னா புள்ள சொல்ற? இது நீயா?"

"நானா எனக்கு முடி குடுத்திருக்காரு. நீங்க என்னா குடுத்தீங்க, சொட்டை."

"அது சொட்டை இல்ல, கயிறு அழுத்துன..."

"எம் மண்டையில இருக்கறது எனக்குத் தெரியாதா மதினி? நீங்க சொல்லித்தான் தெரியணுமா?" சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நான் ஏன் முக்காடு போடுறேன்? மகன் கல்யாணத்துல பூவ வச்சு மறைச்சேனே, எதுக்கு? ஊரு பூரா பாக்கட்டும்னா? யாரக் கேட்டுப் போட்டீங்க?"

யாரையும் கேட்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் படத்தைக் கேட்காமல் தொட்டுவிட்டார்கள் என்று நான் குதித்துக்கொண்டிருக்கிறேன். அவள் தலையை நான் கேட்காமல் கொண்டுபோய் நாலு ஊர் ஆட்கள் முன்னால் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தேன். குழுவிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டேன். நானா திருத்தியதை என்னால் எடுக்க முடியவில்லை. அது அங்கேயே இருந்தது, முடியோடு. பாருங்கள், என் படம் போய்விட்டது, பொய்ப் படம் நிற்கிறது.

அடுத்த நாள் முழுக்க அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பீலியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் நானே போனேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்னையக் கேட்டிருக்கணும். தப்புதான்" என்றேன். "நீ வேணாம்னா ரெண்டு படத்தையும் மாட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "மாட்டாம விட்டா? நாளைக்கு நான் போய்ச் சேந்தா எனக்கும் ஒரு படம் வேணும்ல. இல்லாட்டி அண்ணன் மாதிரி எனக்கும் டை கட்டி விட்டுருவாங்க."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

"எப்பப் போறீங்க? நானும் வாரேன். எம் மண்டையப் பத்திப் பேசுறீங்க, நான் இல்லாமயா?"

இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். ஸ்டூடியோவில் நானா இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அவ்வளவு பெரிதாக அவளைப் பார்த்ததில்லை. நாத்தனார் முதலில் திருத்திய படத்தின் முன்னால்தான் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"குறைன்னு எழுதுனீங்களா நானா?" என்று கேட்டாள். சத்தம் கூட்டாமல்தான் கேட்டாள்.

"என்னம்மா?"

"சின்னக் குறை இருந்துச்சு, எடுத்துட்டேன்னு எழுதுனீங்களாமே. எத?"

"அந்தக் கோடும்மா. அம்மாட போன் கண்ணாடியில ஒரு கீறல் இருக்குதானே, எப்பவும் படத்துல கோடு விழும். அதான் இந்தத் தடவ கொஞ்சம் தடிப்பா விழுந்திருக்குன்னு..."

நாத்தனார் முக்காட்டை எடுத்தாள். கோயிலில்கூட எடுக்காதவள், கடைக்குள் ஒரு ஆம்பிளை முன்னால் தலையைக் குனிந்து, முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, தடத்தில் தன் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தாருக்கு. போன்ல விழுந்த கோடு இல்ல இது. கூடை போட்டு விழுந்தது."

நானா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். "இவ்வளவு வருஷமா தோட்டத்து ஆக்களப் படம் எடுக்கிறேன். எல்லாரும் தலைய மூடிக்கிட்டு இல்லாட்டிப் பூ வச்சிக்கிட்டுத்தானே வருவீங்க. நான் எங்க கண்டேன்?"

"நான் மூடுறது வேற நானா. அது என் தலை, நான் மூடுவேன், தொறப்பேன். நீங்க அழிக்கிறது வேற."

அவள் இப்படிப் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் முடி கொடுத்தார் என்று சொன்னவள். குறை என்ற வார்த்தைதான் அவளைக் குத்தியிருக்கிறது. அவளாகச் சொட்டை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவர் குறை என்று எழுத முடியாது.

எனக்கும் அப்போது வாய் வந்தது. அதுவரைக்கும் நான் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கீறல்னு நெனச்சு எடுத்தீங்க, சரி. நெறத்த ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேன். "அவ கறுப்பு. அதுல என்னா கீறல் விழுந்துச்சு?"

நானா தலையைச் சொறிந்தார். "பழக்கம்மா. கல்யாணப் படத்துக்கு எல்லாரும் வெளுப்பாக்கிக் கேப்பாங்க. கை தன்னால அங்க போயிருது."

"கேக்குறவங்களுக்கு செய்ங்க. நாங்க கேக்கலையே" என்றேன். சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

எதை மாட்டுவது என்று நானா நாத்தனாரிடம் கேட்டார். அவள் திருத்திய படத்தைக் கையில் எடுத்தாள். "இவ ரொம்ப லெச்சணமா இருக்கா. ஆனா ஒரு நாளும் கூடை தூக்குனவ இல்ல. இவள எனக்குக் குடுத்துருங்க, வீட்டுல வச்சுக்கிறேன். அங்க மண்டபத்துல என்னைய மாட்டுங்க."

"அப்ப செத்த பெறகு எத வைக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"அது நான் யோசிச்சுச் சொல்லுறேன். இப்பவே செத்துரலையே மதினி. அவசரப்படுறீங்க."

நானா சிரித்துவிட்டார். நாங்கள் கிளம்பும்போது, என் வீட்டுக்காரர் படக் கதையை நாத்தனார் அவரிடம் அவிழ்த்துவிட்டாள். நானா மனசு கரைந்து, "அந்தப் படத்தக் கொண்டாங்கம்மா. டையைக் கழட்டிட்டுத் தழும்ப நான் திருப்பி வச்சுத் தாரேன். சும்மாவே செஞ்சு தாரேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அவர் அந்தத் தழும்பைப் பார்த்ததில்லை. அவர் வைக்கிற தழும்பு அவர் நினைக்கிற தழும்பாகத்தான் இருக்கும். ஏற்கனவே ஒருவர் நினைப்பு என் சுவரில் தொங்குகிறது, இரண்டாவது ஒன்று எதற்கு? வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியில் கிடந்த அவருடைய அடையாள அட்டையை எடுத்துச் சட்டகத்தின் மூலையில் செருகி வைத்தேன். சின்னப் படம்தான், மங்கிப் போயிருக்கிறது. தழும்பு இருக்கிறது. இப்போது அதைப் பார்த்துத்தான் கும்பிடுகிறேன். டை கட்டியவரும் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கண்காட்சியில் என் படத்தைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எல்லோரும் பாராட்டினார்கள் என்று பொய் எழுத மாட்டேன். சில பேர் நின்று பார்த்தார்கள். சில பேர் தாண்டிப் போனார்கள். தோட்டத்துப் பொம்பளை ஒருத்தி பார்த்துவிட்டுத் தன் தலையை மெல்லத் தடவிக்கொண்டு போனாள். நல்ல சேலை கட்டிய அம்மா ஒருவர், "பொம்பளப் புள்ள தலைய இப்படியா காட்டுறது, கொஞ்சம் சரி பண்ணிப் போட்டிருக்கலாமே" என்று கூட வந்தவரிடம் சொன்னார்.

நாத்தனார் முக்காடு போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றாள். "அது என் தலைங்க. உங்களுக்கு என்னா செய்யுது?" என்று கேட்டாள். அந்த அம்மா அவளையும் படத்தையும் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஆகவே என் நினைப்பு இதுதான். குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள். நானா அன்றைக்கு ஸ்டூடியோவிலேயே ஒன்று சொன்னார்: "வெயில் ஒரு பக்கமா விழுந்தா அந்தப் பள்ளம் இன்னும் நல்லா தெரியும், காலையில எடுத்துப் பாருங்க" என்று. நான் அவளைக் கேட்டு, காலை வெயிலில் மூன்று முறை எடுத்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் படம் முதல் படத்தைவிட நன்றாக வந்தது. வாயால் ஒரு வார்த்தை சொன்னார், என் கை அதைச் செய்தது. அதில் நான் படித்தேன். நீல வானத்தை வைத்துக் கொடுத்தபோது நான் எதைப் படித்தேன்? மழையை எப்படி எடுப்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே, மழை வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்.

திருத்தித்தான் காட்ட வேண்டும் என்றால் முதலில் என்னைக் கேளுங்கள். நான் படத்தில் இருக்கிற ஆளைக் கேட்கிறேன். அவர் சரி என்றால் செய்யுங்கள். இப்போது நான் எதை எடுத்தாலும் முதலில் அந்த ஆளிடம்தான் காட்டுகிறேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் மூன்று பேர். அந்த மூன்று படமும் போனில் இல்லை. அதில் ஒன்று ரொம்ப நல்ல படம். ஆனாலும் அழித்தேன்.

குழுவின் பழக்கம் இன்னும் மாறவில்லை. நானா மட்டும் கேட்டுச் செய்கிறார். மற்றவர்கள் பழையபடிதான். நான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, 'தொட வேண்டாம், சொல்லுங்கள்' என்று போடுகிறேன். அதை மட்டும் டைப் பண்ணக் கற்றுக்கொண்டேன். என்னைத் 'தொட வேண்டாம் அம்மா' என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும். ஒரு முறை வாயை மூடிக்கொண்டிருந்து இருபது வருஷம் டை கட்டிய மனுஷனோடு இருந்துவிட்டேன். இனி இருக்க மாட்டேன்.

இதைப் புத்தகத்தில் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். அதைத் திருத்துங்கள், ஆனால் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் காட்டிவிட்டுத் திருத்துங்கள். கண்காட்சி நடந்தது நான் குழுவில் சேர்ந்த தீபாவளிக்கு அடுத்த வருஷமா, அதற்கும் அடுத்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. நானாவைக் கேட்டுச் சரி பாருங்கள். நானும் நாத்தனாரும் பஸ்ஸில் போனது செவ்வாயா புதனா என்பதும் தெரியவில்லை. தடம் நெற்றியிலிருந்து நாலு விரல் என்று எழுதியிருக்கிறேன், அது என் விரல் கணக்கு. அதையும் யாராவது சரி பார்க்க வேண்டும். படத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். எங்கள் லயத்துக்கு ஒரு நடை வந்து அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்றால், தலையைப் பார்த்துச் சரி பாருங்கள்.